எண்ணி வார்த்த கலங்கரைகள்

கலங்கரை விளக்கப் பொம்மை ஒன்று கைக்கு வந்ததும் சேகரிப்பாளர் அதன் உச்சியைப் பார்ப்பதில்லை. கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். அங்கே ஓர் எண் இருக்கும். மொத்தம் 5,500 செய்தார்கள், அதில் இது இத்தனையாவது என்பது கணக்கு. பிறகு பெட்டி இருக்கிறதா, சான்றிதழ் இருக்கிறதா, சான்றிதழில் உள்ள எண்ணும் அடிப்பாகத்து எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பார். கோபுரத்தின் வண்ணப்பட்டைகளையும் பாறையில் மோதும் அலையையும் அதற்கப்புறம்தான் நிதானமாகப் பார்ப்பார். அந்த எண்ணுக்கு இனி என்ன மதிப்பு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொம்மையின் மதிப்பு வேறு கணக்கு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சேகரிப்பு பெருகியது அமெரிக்காவில், 1990களில். காலத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை கலங்கரை விளக்கங்களைத் தானியங்கியாக்கும் திட்டத்தை 1968இல் தொடங்கியது. 1990 வாக்கில் பாஸ்டன் துறைமுகத்து விளக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் விளக்குக் காவலர்கள் இறங்கிவிட்டார்கள். இரவில் படியேறித் திரி கத்தரித்து, கண்ணாடியைத் துடைத்து, பதிவேட்டில் வானிலை எழுதிய ஒரு தொழில் முடிந்துபோனது. அமெரிக்க நாடாளுமன்றம் கலங்கரை விளக்கங்களை மத்திய அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டது 1789 ஆகஸ்ட் 7 அன்று. அதன் இருநூறாம் ஆண்டு 1989இல் வந்தது. மறுவருடம் அஞ்சல்துறை ஐந்து கலங்கரை விளக்கங்களைத் தபால்தலையாக வெளியிட்டது. ஹாவர்ட் காஸ்லோ வரைந்த படங்கள் அவை. அதற்கடுத்த ஆண்டு, 1991இல், கலிபோர்னியாவில் பில் யங்கர் என்பவர் ‘ஹார்பர் லைட்ஸ்’ என்ற பெயரில் கலங்கரை விளக்கப் பொம்மைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

ஆள் இறங்கிய இடத்தில் பொம்மை ஏறியது. ஒரு பொருள் வேலை செய்துகொண்டிருக்கும்வரை யாரும் அதைப் பொம்மையாக்கி அலமாரியில் வைப்பதில்லை. வேலை ஓய்ந்தபிறகுதான் அதன் அழகு கண்ணில் படுகிறது.

ஹார்பர் லைட்ஸ் செய்த புதுமை ஒன்றே ஒன்று. அதற்கு முன்பும் கடற்கரைக் கடைகளில் கலங்கரை விளக்கப் பொம்மைகள் கிடைத்தன. சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பொதுவான கோபுரங்கள். யங்கரின் நிறுவனம் பெயருள்ள, ஊருள்ள கோபுரங்களைச் செய்தது. ஹைட்ரோஸ்டோன் எனப்படும் கெட்டியான ஜிப்சத்தில் வார்த்து, கையால் வண்ணம் தீட்டி, காவலர் வீட்டையும் எண்ணெய்க் கிடங்கையும் சுற்றியிருந்த வேலியையும்கூட விடாமல் வைத்தது. தொடக்க காலப் பொம்மைகளுக்கு 5,500 என்று எண்ணிக்கை கட்டியது. அந்த எண்ணிக்கை விற்றுத் தீர்ந்தால் அச்சு ஓய்வுபெறும். சேகரிப்பாளர்களின் மொழியில் அந்தப் பொம்மை ‘ரிட்டயர்ட்’. சிகாகோவின் லெஃப்டன் நிறுவனம் உள்ளே சிறு மின்விளக்கு எரியும் பீங்கான் கோபுரங்களை வரிசையாக வெளியிட்டது. லெனாக்ஸ், டான்பரி மின்ட் போன்ற பெயர்களும் சேர்ந்துகொண்டன. சேகரிப்பாளர் சங்கம், உறுப்பினருக்கு மட்டுமான தனிப் பொம்மை, ஆண்டு விழா, சிற்பியின் கையொப்பம், விலைப்பட்டியல் புத்தகம் என்று ஒரு சிறு உலகமே உருவானது.

‘லிமிடெட் எடிஷன்’ என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் ஒரே பொருள் கிடையாது. எண்ணிக்கையைக் கட்டுவது ஒரு வகை. காலத்தைக் கட்டுவது இன்னொரு வகை. சுவரில் மாட்டும் அலங்காரத் தட்டுகளை விற்றவர்கள் ‘150 சூளை நாட்களுக்கு மட்டும்’ என்று அச்சிட்டு விற்றார்கள். ஒரு நாளில் சூளையில் எத்தனை தட்டு ஏறும் என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 5,500 என்று பகிரங்கமாகச் சொன்ன கலங்கரைக்காரர்கள் நேர்மையானவர்கள்தாம். ஆனால் எண் நேர்மையாக இருந்தால் மட்டும் அரிதாகிவிடுமா?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொம்மை 5,500 பிரதிகள் வந்தால், அதை விரும்பும் ஆட்கள் 5,501 பேராவது இருந்தால்தான் அது அரிது. அந்த ஒரே ஒரு அதிகப்படி ஆள்தான் விலையை உயர்த்துகிறார். அவர் இருக்கிறாரா இல்லையா என்று 1990களின் நடுப்பகுதிவரை யாராலும் பார்க்க முடியவில்லை. மேய்ன் மாநிலக் கடைக்காரரிடம் தீர்ந்துபோன பொம்மை ஓஹையோவில் ஒரு கடையின் பின்னறையில் நான்கு கிடக்கலாம். வாங்குபவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது விலைப்பட்டியல் புத்தகம். அது சொல்லும் விலைக்கு உண்மையில் யாராவது வாங்கினார்களா என்பதும் தெரியாது. விலையைத் தாங்கிப் பிடித்தது அந்த அறியாமையின் இருட்டு.

1995இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அமெரிக்க ராணுவம் ஜிபிஎஸ் முழுமையாகச் செயல்படத் தொடங்கிவிட்டதாக அறிவித்தது. கப்பல்காரனுக்கு இனி கரையிலிருந்து யாரும் விளக்குக் காட்ட வேண்டியதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பியர் ஒமிடியார் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். பின்னாளில் அதன் பெயர் ஈபே. முன்னது கலங்கரை விளக்கத்தின் வேலையைப் பறித்தது. பின்னது கலங்கரைப் பொம்மையின் இருட்டைப் பறித்தது. ஓஹையோ பின்னறையின் நான்கு பொம்மைகளும் மேய்ன்காரரின் கண்முன் வந்து நின்றன. நான்கோடு நிற்கவில்லை, நாற்பதும் வந்தன. ஒன்றின் விலை இறங்கினால் எல்லாவற்றின் விலையும் இறங்கும் என்பது ஏலத்தின் இயல்பு.

இது கலங்கரைக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பீனி பேபீஸ் என்ற துணிப்பொம்மைகளின் கதை உலகறிந்தது. டை வார்னரின் நிறுவனம் 1999 ஆகஸ்டில், அந்த ஆண்டு முடிவோடு எல்லாப் பொம்மைகளும் ஓய்வுபெறும் என்று அறிவித்தது. பிறகு மக்களிடம் வாக்கெடுத்துத் தொடர்ந்தது. அறிவித்த அருமை திரும்பப் பெறக்கூடியது என்று தெரிந்ததும் ஆசை வடிந்தது. கரடிப் பொம்மைகளை விற்ற பாய்ட்ஸ் கலெக்ஷன் 2005இல் திவால் மனு கொடுத்தது. பிரெஷஸ் மொமெண்ட்ஸ் பொம்மைகளைப் பெரிதாக வளர்த்த எனெஸ்கோ 2007இல். கிறிஸ்துமஸ் கிராமப் பொம்மைகளை விற்ற டிபார்ட்மெண்ட் 56 நிறுவனம் 2005இல் லெனாக்ஸை விலைக்கு வாங்கி, இரண்டும் சேர்ந்து 2008 நவம்பரில் அதே வாசலுக்குப் போயின. அதே 2008இல் ஜெர்மனியின் கோபெல் நிறுவனம், 1935 முதல் செய்துவந்த ஹம்மல் பொம்மைகளை நிறுத்தியது. மூன்றே ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் கண்ணாடி அலமாரி முழுவதும் வரிசையாகச் சரிந்தது.

ஈபே ஒரு காரணம்தான். அதைவிட ஆழமான காரணம், சேகரிப்பதற்கென்றே செய்த பொருளின் உள்ளேயே இருக்கிறது. பழைய பொருள் ஏன் அரிதாகிறது? யாரும் அதைப் பாதுகாக்காததால். 1950களின் பேஸ்பால் அட்டைகளை அம்மாக்கள் பழைய பெட்டியோடு தூக்கி எறிந்தார்கள். தப்பியவை விலைபோயின. அந்த விலையைப் பார்த்து 1980களின் கடைசியில் அட்டை வாங்கியவர்கள் ஒன்றையும் எறியவில்லை. அதனால் அவை இன்று விலைபோகவில்லை. கலங்கரைப் பொம்மையும் அப்படியே. அதை வாங்கிய ஒவ்வொருவரும் பெட்டியைப் பத்திரப்படுத்தினார்கள், தெர்மோகோலைக்கூட எறியவில்லை. 5,500 செய்தால் 5,500ம் இருக்கின்றன. பழம்பொருளின் அருமை அசட்டையின் பலன். எல்லோரும் அக்கறை காட்டும் இடத்தில் அது விளைவதில்லை.

இதற்கு எதிர்முனையில் ஒரு சின்ன உதாரணம் இதே கலங்கரை உலகத்திலேயே உண்டு. 1990இன் அந்த ஐந்து தபால்தலைகள் 25 சென்ட் விலையில் ஏராளமாக அச்சானவை. யாரும் அவற்றுக்கு எண் போடவில்லை. ஆனால் சில தாள்களில் வெள்ளை மை விழாமல் போய்விட்டது. விலையும் நாட்டின் பெயரும் இல்லாத தபால்தலைகள் வெளியே வந்துவிட்டன. தபால்தலைச் சேகரிப்பாளர்கள் அவற்றைத்தான் தேடுகிறார்கள். திட்டமிட்டு எண்ணிச் செய்த அருமையைவிடத் தவறி நேர்ந்த அருமை நீண்டு நிற்கிறது.

அன்று இந்தப் பொம்மைகளை வாங்கியவர்கள் இன்று பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிறார்கள், அல்லது போய்ச் சேர்கிறார்கள். பிள்ளைகளுக்கு அலமாரியும் வேண்டாம், அதில் இருப்பதும் வேண்டாம். அப்பா சொன்ன விலையை நம்பி இணையத்தில் தேடிப் பார்க்கும் மகனுக்கு முகம் தொங்கிப்போகிறது. பல பொம்மைகள் அன்று வாங்கிய விலைக்கே போவதில்லை. கனமான பொருள் என்பதால் சில நேரம் பொம்மையைவிட அஞ்சல் செலவு உறுத்துகிறது. கடைசியில் பெட்டி பெட்டியாகத் தொண்டு நிறுவனங்களின் பழம்பொருள் கடைக்குப் போகின்றன.

இந்தச் சேகரிப்பின் எதிர்காலம் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. 5,500 என்ற எண் இப்போதுதான் உண்மையில் குறையத் தொடங்கியிருக்கிறது. வீடு மாறும்போது உடைபவை, சான்றிதழ் தொலைந்தவை, குழந்தையின் விளையாட்டுப் பெட்டியில் விழுந்து விளக்கறை முறிந்தவை என்று முதன்முறையாக அசட்டை தன் வேலையைச் செய்கிறது. முப்பது நாற்பது ஆண்டுகளில் எத்தனை மிஞ்சும் என்பதைத் தொழிற்சாலை சொன்ன எண் தீர்மானிக்காது. குப்பைத்தொட்டிதான் தீர்மானிக்கும்.

குறைந்துவிட்டால் மட்டும் போதாது, தேடும் ஆளும் வேண்டும். யார் தேடுவார்கள்? எல்லாக் கலங்கரைகளையும் வரிசையாக வாங்கி அடுக்கும் ஆள் இனி அதிகம் இருக்க மாட்டார். ஓர் ஊரின் ஒரே கோபுரத்தைத் தேடும் ஆள் இருப்பார். இதில் ஒரு தலைகீழ் மாற்றம் ஒளிந்திருக்கிறது. பொம்மைச் சந்தையின் நட்சத்திரம் என்றுமே வட கரோலினாவின் கேப் ஹாட்டரஸ்தான். கருப்பு வெள்ளைச் சுருள் பட்டையோடு, 1870இல் கட்டிய, அமெரிக்காவின் மிக உயரமான செங்கல் கலங்கரை விளக்கம். எல்லா நிறுவனமும் அதைச் செய்தது, எல்லா அளவிலும் செய்தது. ஆகவே அது என்றைக்கும் மலிவாகக் கிடைக்கும். ஏரிக்கரைத் துறைமுகம் ஒன்றின் சுவரடியில் நிற்கும், வெளியூரார் யாரும் பெயர் கேட்டிராத குட்டைக் கோபுரத்தின் பொம்மை அன்று விற்காமல் தேங்கியிருக்கும். நாளை அந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்கு அது வேண்டும். வேறெங்கும் அதற்கு முப்பரிமாண உருவம் இருக்காது.

ஹாட்டரஸையே வேறொரு கண்ணால் பார்க்கலாம். கட்டும்போது கடலுக்கும் அதற்கும் 1,500 அடி இடைவெளி. 1970 வாக்கில் 120 அடிதான் மிச்சம். 1999 கோடையில் ஏறக்குறைய 4,800 டன் எடையுள்ள அந்தக் கோபுரத்தை அடியோடு தூக்கி, தண்டவாளத்தின் மேல் ஏற்றி, 23 நாட்களில் 2,900 அடி உள்ளே நகர்த்தினார்கள். அதற்கு முன்பே, 1993இல், ரோட் ஐலண்டின் பிளாக் தீவிலுள்ள தென்கிழக்குக் கலங்கரையைச் சுமார் 300 அடி நகர்த்தியிருந்தார்கள். 2015இல் மார்த்தாஸ் வினியார்ட் தீவின் கே ஹெட் கோபுரம் பின்வாங்கியது. நகர்த்த முடியாதவையும் உண்டு. தென் கரோலினாவில் 1876இல் எழுந்த மாரிஸ் தீவுக் கலங்கரை கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே தரையில் நின்றது. 1962இல் விளக்கு அணைந்தது. இன்று சுற்றிலும் கடல் சூழ நிற்கிறது. டெலவேரின் கேப் ஹென்லோபன் 1926இல் கடலிலேயே விழுந்தது.

இந்த நிலையில் 1999க்கு முன் செய்த ஹாட்டரஸ் பொம்மை ஒன்றின் அடித்தளத்தில் அலையும் மணல்மேடும் இருந்தால், அது ஓர் ஆவணம். கோபுரம் இன்று அங்கே இல்லை. காவலர் வீடு எங்கே இருந்தது, வேலி எப்படி ஓடியது, பட்டையின் நிறம் என்ன, எந்தப் பக்கத்துச் சன்னலை அடைத்திருந்தார்கள் என்பதையெல்லாம் சிற்பி ஒரு குறிப்பிட்ட ஆண்டின் புகைப்படத்தை வைத்துச் செய்திருப்பார். கடல்மட்டம் உயர உயர, கரை அரிக்க அரிக்க, இப்படி நகர்ந்தவையும் மறைந்தவையும் கூடும். ஹாட்டரஸ் கோபுரத்தை இப்போது 1 கோடியே 92 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் தேசியப் பூங்காத்துறை புதுப்பித்துவருகிறது. முடிந்தபின் 1990களின் பொம்மைக்கும் அசல் கோபுரத்துக்கும் இன்னும் நான்கு வேறுபாடுகள் கூடும். அந்த வேறுபாடுகள்தான் பொம்மையின் வருங்காலச் சொத்து. எத்தனையாவது பிரதி என்பதை விட்டுவிட்டு எந்த ஆண்டின் கோபுரம் என்று கேட்கும் சேகரிப்பாளர் வருவார்.

முப்பரிமாண அச்சு வந்துவிட்டதே, யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே கோபுரத்தை அச்சிட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். உண்மைதான். பல கலங்கரை விளக்கங்களின் அளவெடுத்த வரைபடங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. வடிவத்தை இனி யாரும் பூட்டிவைக்க முடியாது, ‘அச்சை உடைத்துவிட்டோம்’ என்ற பழைய விளம்பரத்துக்கும் பொருளில்லை. ஆனால் அச்சுப்பொறி இன்றைய கோபுரத்தைத் தரும், அல்லது வரைபடத்தின் கோபுரத்தைத் தரும். 1994இன் கோபுரத்தை 1994இல் பார்த்துத் தீட்டிய தூரிகையைத் தராது. டிஜிட்டல் உரிமைச் சான்றோடு கணினிப் படங்களை ‘லிமிடெட் எடிஷன்’ என்று விற்ற 2021இன் அலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அடிப்பாகத்து எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பொம்மையை எறிந்துவிட்ட வியாபாரம் அது. முடிவு எதிர்பார்த்ததுதான்.

இளைய தலைமுறைக்குக் கலங்கரை மேல் ஆசை போய்விட்டது என்று முதியவர்கள் புலம்புவதை நான் ஏற்கவில்லை. லெகோ நிறுவனம் 2022இல் 2,065 துண்டுகள் கொண்ட கலங்கரை விளக்கம் ஒன்றை 300 டாலருக்கு விற்றது. உள்ளே மோட்டார் சுற்ற, ஃபிரனெல் வகை வில்லையின் நகல் வழியே வெளிச்சம் வீசும். மலிவான பொருள் இல்லை. அதை வாங்கியவர்கள் எண்ணைப் பார்த்து வாங்கவில்லை, தம் கையால் கட்டி எழுப்ப வாங்கினார்கள். அமெரிக்கக் கலங்கரை விளக்கச் சங்கம் நடத்தும் கடவுச்சீட்டுப் புத்தகமும் அப்படித்தான். ஒவ்வொரு கலங்கரைக்கும் நேரில் போய் அதில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். காசு கொடுத்து முழுத் தொகுப்பையும் ஒரே நாளில் வாங்க முடியாது, கால் நோக வேண்டும். சேகரிக்கும் ஆசை அப்படியே இருக்கிறது, அலமாரியிலிருந்து இறங்கிச் சாலைக்கு வந்திருக்கிறது.

பொம்மைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து தெரிவது. நம் வீட்டுக் கொலுவை நினைத்துக்கொள்கிறேன். கொலுப் பொம்மைக்கு எண் கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஆண்டுக்கு ஒன்பது நாள் வேலை உண்டு. அதனால்தான் பாட்டியின் மூக்குடைந்த செட்டியார் பொம்மை பேத்தி வீட்டுப் படியிலும் ஏறி உட்கார்கிறது. கலங்கரைப் பொம்மைக்கு அப்படி ஒரு நவராத்திரி வாய்க்கவில்லை. கலங்கரைகளுக்கென்று ஆகஸ்ட் 7 என்ற நாள் இருந்தும் யாரும் அதைப் பொம்மைக்குரிய நாளாக்கவில்லை.

வேலை கிடைக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. 2000இல் அமெரிக்கா வரலாற்றுக் கலங்கரைகளைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது. அரசுக்குத் தேவைப்படாத கோபுரங்களை உள்ளூர் ஆட்சிக்கோ லாபநோக்கற்ற சங்கத்துக்கோ இலவசமாகக் கொடுப்பார்கள். ஏற்க யாரும் வராவிட்டால் ஏலம். இப்படி 150க்கும் மேற்பட்ட கலங்கரைகள் கைமாறிவிட்டன. 2023இல் மட்டும் பத்துக் கோபுரங்கள் பட்டியலில் வந்தன, ஆறு இலவசம், நான்கு ஏலம். வாங்கிய சங்கங்கள் ஓய்வுபெற்றவர்களும் தன்னார்வலர்களும் நடத்துபவை. வண்ணம் பூசவும் துருப்பிடித்த கைப்பிடியை மாற்றவும் அவர்களுக்குப் பணம் வேண்டும். நுழைவுச் சீட்டுக்கு அடுத்தபடி அவர்களுக்கு வருமானம் தருவது வாசலில் உள்ள சிறு கடை. அங்கே தம் ஒரே கோபுரத்தைச் சிறு எண்ணிக்கையில் செய்வித்து விற்றால், வாங்குபவரின் காசு அசல் கோபுரத்தின் சுண்ணாம்பாகிறது. அப்போது ‘இருநூறு மட்டும்’ என்பதற்குப் பொய்யில்லாத ஒரு காரணம் இருக்கும். அந்தச் சங்கத்தால் அவ்வளவுதான் செய்ய முடியும். இந்தத் தொழிலில் இனிமேல் எனக்கு நம்பிக்கையுள்ள ஒரே ‘லிமிடெட் எடிஷன்’ அதுதான். பெரிய நிறுவனம், நாடு தழுவிய சங்கம், தவணைமுறைச் சந்தா என்ற பழைய ஏற்பாடு திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலீடாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே இருப்பதை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். விலை வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம், மொத்தமாகப் பெட்டியில் போட்டு எடைக்குக் கொடுக்கவும் வேண்டாம். ஹாட்டரஸ்கள் எங்கே போனாலும் பரவாயில்லை. பெயர் தெரியாத சிறு கோபுரங்களைத் தனியே எடுத்து, அந்தந்த ஊர்ச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளில், எந்த ஆண்டு, எந்தக் கடற்கரையில், யாருடன் போயிருந்தபோது வாங்கியது என்று எழுதி, அடிப்பாகத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.